சமன்பாட்டில் எண் அந்தப் பக்கம் போனால் குறி ஏன் மாறுகிறது?

சமன்பாடு என்றால் சமக்குறிக்கு இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு, அவ்வளவுதான். மயிலாப்பூர் டிபன் கடையில் இரண்டு பிளேட் இட்லி, 15 ரூபாய்க்கு ஒரு வடை, பில் 95 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஒரு பிளேட் இட்லியின் விலை 'இ' என்றால் 2இ + 15 = 95. வடை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தட்டில் வடை இருக்காது, பில்லிலும் 15 ரூபாய் குறையும், இல்லையா? அதாவது இரண்டு பக்கமும் 15ஐக் கழிக்கிறோம்: 2இ = 80. வலது பக்கம் நடக்கும் அந்தக் கழித்தலைத்தான் டியூஷனில் 'அந்தப் பக்கம் போனால் பிளஸ் மைனஸாகும்' என்று சுருக்கிவிடுகிறார்கள் (பரீட்சைக்கு வசதி, புரிவதற்கு இல்லை). அப்புறம் இரண்டு பக்கத்தையும் 2ஆல் வகுத்தால் இ = 40.

நிறையப் பேர் இங்கே அந்த 2ஐயும் மைனஸாக்கி 80 − 2 = 78 என்று எழுதிவிடுகிறார்கள்; 2 இங்கே பெருக்கலில் இருக்கிறது, கூட்டலில் இல்லை, அதனால் வகுத்தால்தான் அது போகும்.