'கிரானிக்கிள்' இருக்கிறது, அடுத்து எந்த ஆல்பம்?

வாசகர் கேள்வி: கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'கிரானிக்கிள்' தொகுப்பு இசைத்தட்டு என்னிடம் இருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்டாயிற்று. இனி முழு ஆல்பங்களை ஒவ்வொன்றாக வாங்க ஆசை. கேட்டவர்கள் எல்லோரும் 'காஸ்மோஸ் ஃபேக்டரி'யில் தொடங்கச் சொல்கிறார்கள். அது சரிதானா? லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி என்று இரண்டு வேறு ஆல்பங்கள் விற்கிறார்களே, எதை வாங்குவது?

பதில்: 'காஸ்மோஸ் ஃபேக்டரி' அருமையான ஆல்பம். கையில் எதுவுமே இல்லாத ஒருவர் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்களிடம் 'கிரானிக்கிள்' இருப்பதால் கணக்கு மாறுகிறது. 1970இல் வந்த அந்த ஆல்பத்தில் மொத்தம் 11 பாடல்கள். அவற்றில் ஏழு உங்கள் தொகுப்பிலேயே இருக்கின்றன. மீதி நான்கில் மூன்று, பிறர் ஏற்கெனவே பாடிய பழைய பாடல்கள். ஆக, உங்களுக்குப் புதிதாகக் கிடைக்கும் சொந்தப் பாடல் 'ராம்பிள் டாம்பிள்' ஒன்றே ஒன்று. ஏழு நிமிடம் ஓடும் அந்தப் பாடல் துள்ளலாகத் தொடங்கி, நடுவில் வேகம் தளர்ந்து, ஒரே கிட்டார் வரிசையைத் திருப்பித் திருப்பி வாசித்து மெல்ல மெல்ல உயர்ந்து, பிறகு சட்டென்று பழைய துள்ளலுக்கே வந்து விழும். அற்புதமான பாடல்தான். ஆனாலும் அதற்காக மட்டும் முதல் செலவைச் செய்ய வேண்டாம்.

1976இல் வெளியான 'கிரானிக்கிள்' சிங்கிள்களின், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டாக வந்த சிறு தட்டுகளின், தொகுப்பு. இந்தக் குழு 1968 முதல் 1972 வரை வெளியிட்ட ஏழு ஸ்டுடியோ ஆல்பங்களிலிருந்து 20 பாடல்களை எடுத்துக் கோத்தது. எந்த ஆல்பத்திலிருந்து குறைவாக எடுத்தார்களோ அதுதான் உங்களுக்கு அதிகப் பயன் தரும். 'பயூ கன்ட்ரி'யின் ஏழு பாடல்களில் ஒன்று மட்டுமே எடுக்கப்பட்டது. 'வில்லி அண்ட் தி புவர் பாய்ஸ்' ஆல்பத்தின் பத்தில் இரண்டு. 'கிரீன் ரிவர்' ஆல்பத்தின் ஒன்பதில் நான்கு. இந்த மூன்றும் 1969 என்ற ஒரே ஆண்டில் வந்தவை என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

முதலில் 'வில்லி அண்ட் தி புவர் பாய்ஸ்' வாங்குங்கள். அட்டைப் படத்தில் நான்கு பேரும் ஓக்லாந்தில் ஒரு மளிகைக் கடை வாசலில் தெருப் பாடகர்களைப் போல வாசித்துக்கொண்டிருப்பார்கள். ஆல்பமும் அந்தக் கோலத்தைத் தாங்கியே நடக்கிறது. 'புவர்பாய் ஷஃபிள்' ஹார்மோனிகாவும் துணி துவைக்கும் தகரப் பலகையுமாக ஓடி, இடைவெளியே இல்லாமல் 'ஃபீலிங் புளூ'வுக்குள் கலந்துவிடும். தொகுப்பில் ஒற்றைப் பாடலாகக் கேட்கும்போது இந்த இணைப்பு கிடைக்காது. 'ஃபார்ச்சூனேட் சன்' உங்களுக்குத் தெரியும்: வியட்நாம் போருக்கு ஏழை வீட்டுப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுச் செல்வாக்குள்ள குடும்பங்கள் தப்பித்துக்கொள்வதைக் கண்டு கொதித்த பாடல். எழுதிய ஜான் ஃபோகர்ட்டியே (குழுவின் பாடகர்) ராணுவத்தின் சேமப் படையில் இருந்தவர். அதே கோபம் ஆறரை நிமிடத்துக்கு நிதானமாக எரிந்தால் எப்படி இருக்கும் என்று ஆல்பத்தின் கடைசிப் பாடலான 'எஃபிஜி'யைக் கேட்டால் தெரியும். அரண்மனைப் புல்வெளியில் பற்றிய தீ ஊரெங்கும் பரவுவதாகப் பாடுவார். இது 'கிரானிக்கிள்' தொகுப்பில் இல்லை.

அடுத்தது 'பயூ கன்ட்ரி'. முதல் பாடலான 'பார்ன் ஆன் தி பயூ'வும் உங்கள் தொகுப்பில் கிடையாது. 'ப்ரவுட் மேரி' சிங்கிளின் மறுபக்கத்தில் வந்தும் விடுபட்டுப்போனது. கிட்டார் தனியாக, ஆம்ப்ளிஃபையரின் ட்ரெமலோவில் அலை அலையாக நடுங்கிக்கொண்டு வரும். அவசரமே இல்லாமல் டிரம்ஸ் சேரும். அதன் பிறகுதான் அந்தக் கரகரத்த குரல். 'பயூ' என்றால் சதுப்பு நில ஓடை; கேட்பவர்கள் பாடகர் லூசியானாவின் சதுப்பு நிலத்தில் பிறந்து வளர்ந்தவர் என்றே நம்புவார்கள். நால்வருமோ கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையிலுள்ள எல் செரிட்டோவிலிருந்து வந்தவர்கள். இந்த ஆல்பத்தில் 'கிரேவ்யார்ட் ட்ரெயின்' எட்டு நிமிடத்துக்கும் மேல் ஒரே பேஸ் ஓட்டத்தில் போகும். சிலருக்குப் பொறுமை போய்விடும். எனக்கு அது பிடிக்கும். இரவில் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது 'கிரீன் ரிவர்'. நான்கு பாடல்கள் ஏற்கெனவே உங்களிடம் இருந்தாலும் 'ரோட் எ சாங் ஃபார் எவ்ரிஒன்' ஒன்றுக்காகவே வாங்கலாம். ஊருக்கெல்லாம் பாட்டு எழுதுகிற ஒருவன் தனக்கு நெருங்கியவளிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல் தவிக்கும் பாடல். மெதுவான தாளம், அலங்காரம் எதுவும் இல்லாத வாசிப்பு. இவர்கள் எழுதியவற்றில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்பது என் கருத்து.

இந்த மூன்றுக்குப் பிறகு 'காஸ்மோஸ் ஃபேக்டரி'. பிறகு ஆர்கனும் சாக்ஸஃபோனும் சேர்ந்த 'பெண்டுலம்'. குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட 1968ஆம் ஆண்டின் முதல் ஆல்பத்தை 'சூசி க்யூ'வுக்காக வாங்கலாம். உங்களிடம் இருப்பது சிங்கிளுக்காக நறுக்கப்பட்ட வடிவம். எட்டரை நிமிட முழுப் பாடல் ஆல்பத்தில்தான் உண்டு. கடைசி ஆல்பமான 'மார்டி கிரா' வேண்டாம். 1971இல் கிட்டார் வாசித்த டாம் ஃபோகர்ட்டி (ஜானின் அண்ணன்) விலகிய பிறகு, மிஞ்சிய மூவரும் பாடல்களைப் பங்கு பிரித்துக்கொண்டு செய்தது. அதில் நல்லவை இரண்டு. இரண்டும் 'கிரானிக்கிள்' தொகுப்பில் இருக்கின்றன.

இப்போது ராயல் ஆல்பர்ட் ஹால் விஷயம். 1980இல் அந்தப் பெயரில் ஒரு லைவ் ஆல்பம் வந்தது. உண்மையில் அது 1970 ஜனவரி 31 அன்று கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து கொலீசியத்தில் பதிவானது. ஒலிநாடா மாறிப்போனது தெரியவந்ததும் 'தி கான்செர்ட்' என்று பெயரை மாற்றினார்கள். பழைய அட்டையோடு கிடைக்கும் பிரதிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. லண்டனில் 1970 ஏப்ரலில் நடந்த உண்மையான கச்சேரி 2022இல்தான் முழுமையாக வெளிவந்தது. ஒலியைப் புதிதாகக் கலந்தவர்கள் ஜைல்ஸ் மார்ட்டினும் சாம் ஓகெல்லும். லண்டன் கச்சேரிதான் வேண்டுமென்றால் அட்டையில் இந்த ஆண்டைப் பார்த்து வாங்குங்கள். ஓக்லாந்துப் பதிவும் நன்றாகவே இருக்கும். பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். வுட்ஸ்டாக் விழாவில் 1969இல் இவர்கள் வாசித்ததும் 2019இல் தனி ஆல்பமாக வந்திருக்கிறது. விழாவைப் பற்றிய திரைப்படத்திலும் அன்றைய ஆல்பத்திலும் சேர்க்க ஜான் ஃபோகர்ட்டி சம்மதிக்காததால் ஐம்பது ஆண்டுகள் காத்திருந்த பதிவு அது.

வாங்கும் முன் ஸ்ட்ரீமிங்கில் கேட்டுப் பார்ப்பீர்கள் அல்லவா? அங்கே பெயரைக் கவனியுங்கள். 'கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவிசிட்டட்' என்பது பேஸ் வாசித்த ஸ்டூ குக்கும் டிரம்ஸ் வாசித்த டக் கிளிஃபர்டும் 1995இல் வேறு பாடகரோடு தொடங்கிய குழு. பாடல்கள் அதே, குரல் வேறு. பாடல் பெயருக்குப் பக்கத்தில் 'ஜான்ஸ் வெர்ஷன்' என்று இருந்தால், அது ஜான் ஃபோகர்ட்டி முதிய வயதில் மறுபடி பாடி 2025இல் வெளியிட்டது. பாடல்களின் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி 2023இல் பெரும்பங்கை மீட்டவர் அவர். அந்த ஆல்பத்துக்கு அதற்குரிய மதிப்பு உண்டு; ஆனால் 1969இன் ஒலியை அதில் தேட வேண்டாம்.

இசைத்தட்டில் எந்தப் பதிப்பு நல்லது என்று அடுத்துக் கேட்பீர்கள். ஏழு ஆல்பங்களையும் சேர்த்தாலே சுமார் நான்கு மணி நேரம்தான். 'கிரீன் ரிவர்' முப்பது நிமிடம்கூட இல்லை. ஒரு பக்கத்தில் பாட்டு குறைவாக இருந்தால் ஊசி ஓடும் பள்ளங்களுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். ஒலியை உரக்க வெட்டலாம், பேஸும் திடமாக வரும். அதனால் இவர்களின் ஆல்பங்களை அன்று வெளியிட்ட ஃபேண்டசி நிறுவனத்தின் சாதாரணப் பழைய தட்டுகளே நன்றாக ஒலிக்கின்றன. கீறல் இல்லாத பிரதி கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். புதிதாகவே வேண்டுமென்றால், லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் மைல்ஸ் ஷோவெல் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பள்ளங்களை வெட்டிய பதிப்பை வாங்கலாம். ஸ்டீவ் ஹாஃப்மன் மாஸ்டரிங் செய்த அனலாக் புரொடக்ஷன்ஸ் பதிப்பு அதைவிடவும் எனக்குப் பிடிக்கும், விலைதான் அதிகம். அந்தப் பணத்தில் 'வில்லி', 'பயூ கன்ட்ரி' இரண்டின் பழைய தட்டுகளும் கிடைக்குமானால் பழையவற்றையே வாங்குங்கள்.