ஒரே இசையமைப்பாளருக்கு ஆய்வரங்கம் எதற்கு?

ஓர் இசையமைப்பாளரின் வாழ்க்கையையும் படைப்புகளையும் ஆய்வாளர்களும் கலைஞர்களும் கூடி ஆராய்ந்து, புதிதாகக் கண்டதைச் சொல்லி வாதிடும் கூட்டம்தான் ஆய்வரங்கம்.

1750-இல் மறைந்த ஜெர்மன் இசையமைப்பாளர் யோகான் செபாஸ்டியன் பாக்கைப் பற்றி இன்னும் பேச என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. செல்லோ என்ற பெரிய வில் வாத்தியத்தில் தனியாக வாசிக்க அவர் இயற்றிய ஆறு இசைத் தொகுப்புகளுக்கு, அவர் கைப்பட எழுதிய பிரதி இன்று இல்லை. மனைவி அன்னா மக்தலேனாவும் வேறு சிலரும் எடுத்த படிகள்தான் உள்ளன. எந்தச் சுரங்களை ஒரே வில்லிழுப்பில் வாசிப்பது என்பதில் அவை ஒத்துப்போவதில்லை. பாட்டியின் குழம்புப் பக்குவத்தை மகள்கள் ஆளுக்கொரு விதமாக எழுதிவைத்தது போலத்தான்; எல்லா நோட்டுகளையும் அருகருகே வைத்தால்தான் பாட்டி செய்தது பிடிபடும்.

சில சமயம் பழைய முடிவே கவிழ்ந்துவிடும். தாளை ஒளியில் பிடித்தால் தெரியும் நீர்க்குறியையும் கையெழுத்தையும் ஒப்பிட்ட 1950-களின் ஆய்வுகள், பாக்கின் தேவாலயக் கந்தாத்தாக்களில் (வழிபாட்டில் வாத்தியங்களோடு பாடும் படைப்புகள்) பெரும்பாலானவை அவர் லைப்சிக் நகருக்கு வந்த 1723-ஐ அடுத்த சில ஆண்டுகளிலேயே பிறந்தவை என்று காட்டின. 1962-இல் மைன்ஸ் நகரில் நடந்த பாக் விழாவில் இசை ஆய்வாளர் ஃப்ரீட்ரிக் ப்ளூமே இதை வைத்து, வாழ்நாள் முழுக்கத் தேவாலயத்துக்கே எழுதியவர் என்ற பிம்பத்தைக் கேள்வி கேட்டார். பெரும் சர்ச்சை எழுந்தது.

அப்புறம், ஆய்வரங்கத்தை அஞ்சலிக் கச்சேரி என்று பலர் நினைக்கிறார்கள். இங்கேயும் வாசிப்பார்கள், ஆனால் ஒரு வாதத்துக்குச் சான்றாக.