நாராய்ப் போன பனங்கிழங்கு புலாவ்

கேள்வி: அக்கா, பொங்கலுக்கு வாங்கிய பனங்கிழங்கில் ஒரு கட்டு மீந்துவிட்டது. மரவள்ளிக்குச் செய்வதுபோலத் தோல் சீவி, துண்டு போட்டு, குதிரைவாலி அரிசியோடு குக்கரில் வைத்து நாலு விசில் விட்டேன். அரிசி கூழாகிவிட்டது, கிழங்கு பச்சை வாடையோடு நார் நாராகக் கிடந்தது. எங்கே தப்பு?
வாசகி, சாயல்குடி

பதில்: பனங்காட்டுக்கு நடுவில் இருந்துகொண்டு மரவள்ளியைப் போலவா சீவினீர்கள்! சரி, நானும் முதல் தடவை இப்படித்தான் கெடுத்தேன், அன்றைக்கு ராத்திரி வீட்டில் எல்லோருக்கும் இட்லிதான். குதிரைவாலி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும், பனங்கிழங்குக்குப் பானையில் முக்கால் மணி நேரமாவது வேண்டும், இரண்டையும் ஒன்றாக வைத்தால் ஒன்று குழையும், இன்னொன்று வேகாது.

அதனால் கிழங்கை முதலில் தனியாக, தோலோடு, உப்பும் மஞ்சளும் போட்டு வேகவையுங்கள். ஆறியதும் தோலை உரித்து, நுனியில் நகத்தை வைத்துப் பிளந்தால் இரண்டாக விரியும். நடுவில் ஈர்க்குச்சி மாதிரி வெளிர்மஞ்சளாக ஒரு குருத்து இருக்கும், அதை உருவி எறியுங்கள். அப்புறம் ஓரத்து நாரை மேலிருந்து கீழாக இழுத்தால் நூல் நூலாக வரும். இவ்வளவு இழுத்தும் உள்ளே கொஞ்சம் நார் இருக்கத்தான் செய்யும், அதற்குக் கத்திதான் வைத்தியம்: நீளவாக்கில் வெட்டாமல் குறுக்கே, ஒரு ரூபாய்க் காசு கனத்துக்கு வில்லை வில்லையாக நறுக்குங்கள். நார் துண்டு துண்டாகிவிடுவதால் பல்லில் சிக்காது.

இனி புலாவ். ஒரு கப் குதிரைவாலிக்கு நாலு கிழங்கு போதும். நல்லெண்ணெயில் கடுகு, சீரகம், பத்துச் சின்ன வெங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை, நம்ம ராமநாதபுரம் முண்டு வத்தல் (உருண்டை மிளகாய்) மூன்று (2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மிளகாய்தான்) போட்டு வதக்கி, கழுவி வடித்த அரிசியைக் கொட்டி, ஈரம் போய் மணி மணியாகச் சலசலக்கும் வரை வறுங்கள். தண்ணீரும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து இரண்டு கப்தான், அதற்கு மேல் கை நீளக் கூடாது. கொதித்ததும் உப்பும் கிழங்கு வில்லைகளும் போட்டு, தீயைக் குறைத்து மூடிவிடுங்கள். தண்ணீர் வற்றியதும் இறக்கி, பத்து நிமிடம் திறக்காமல் வைத்திருந்து, பிறகு முள்கரண்டியால் கிளறுங்கள். பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி, பனங்கிழங்கின் மண்வாசனையை அவை அமுக்கிவிடும்.

கேள்வி: தை போனால் கிழங்கு கிடைக்காதே, அப்போது?
வாசகர், தொண்டி

பதில்: ஆவணி, புரட்டாசியில் பழம் விழுந்து, கொட்டையைப் பாத்தியில் புதைத்து, மார்கழி, தையில் தோண்டுகிற பண்டம், வருஷம் முழுக்க எப்படிக் கிடைக்கும்? மலிவாக வரும்போதே அவித்து, நார் எடுத்து, வில்லை போட்டு, கடற்கரை வெயிலில் ஓசை வரக் காயவைத்து டப்பாவில் போட்டு வையுங்கள். யாழ்ப்பாணத்தில் அவித்துக் காயவைப்பதைப் புழுக்கொடியல் என்பார்கள். புலாவுக்கு முதல் நாள் ராத்திரியே வெந்நீரில் ஊறப்போட வேண்டும், அவசரத்துக்கு ஆகாது.

கேள்வி: சர்க்கரை உள்ள மாமியாருக்கு இதைத் தாராளமாகக் கொடுக்கலாமா?
வாசகி, கீழக்கரை

பதில்: தாராளமாக வேண்டாம். சிறுதானியமானாலும் கிழங்கானாலும் மாவுச்சத்துதான். ஒரு சின்னக் கிண்ணம் புலாவ், அதைவிடப் பெரிய கிண்ணத்தில் முருங்கைக்கீரைப் பொரியல், கூட ஒரு துண்டு மீன் என்று வையுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்து, அளவை அவர் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.