நிலம்பூர் ஆயிஷா வேலை பார்த்த ஊர்

தங்கைக்கு,

பத்து ஆண்டுகள் வீதி நாடகங்களில் நடித்தேன், இப்போது பிழைப்பு இல்லை, சவூதி அரேபியாவின் ரியாத்தில் வீட்டு வேலைக்கு அடுத்த மாதம் புறப்படுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நிலம்பூர் ஆயிஷா என்ற மலையாள நடிகையின் கதையைத் தழுவி மஞ்சு வாரியர் நடித்த 'ஆயிஷா' படத்தைப் பார்த்ததாகவும், அதில் வருவது போல அன்பான ஒரு வீடு உனக்கும் அமையுமா என்றும் கேட்டிருக்கிறாய். கூடவே அரிசி, குளிர், சிம் கார்டு. அரிசி இங்குள்ள பத்ஹா கடைத்தெருவில் எல்லா வகையும் கிடைக்கும், டிசம்பருக்கு ஒரு ஸ்வெட்டர் போதும், சிம் கார்டு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் படத்தைப் பற்றி நீ கேட்டதால்தான் தூக்கத்தைத் தள்ளிவைத்து எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் நீலகிரிக் கூடலூர். நாடுகாணி மலை இறங்கி வழிக்கடவு தாண்டினால் கேரளத்து நிலம்பூர். இவ்வளவு பக்கத்து ஊராக இருந்தும் நிலம்பூர் ஆயிஷாவின் பெயரை நான் முதலில் கேட்டது ரியாத்தில், ஒரு மொட்டைமாடியில்.

1999-இல் வந்தேன். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை என்று சொல்லி ஏஜெண்ட் அனுப்பினான். விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். எட்டுப் பிள்ளைகள், மாடிப்படிக்கு அடியில் படுக்கை, ஏழு மாதம் சம்பளமே இல்லை. துணி காயப்போட மாடிக்குப் போகும் கால் மணி நேரம்தான் நான் வானத்தைப் பார்க்கும் நேரம். சுற்றுச்சுவர் ஆளுயரத்துக்கு மேல் இருக்கும். அந்தப் பக்கத்து வீட்டு மாடியில் ஒரு பெண் மலையாளத்தில் பாடிக்கொண்டே துணி உதறுவாள். நிலம்பூர்க்காரி. முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. நான் அழுதது அவள் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் துணி கிளிப் ஒன்றில் ஐம்பது ரியால் நோட்டைச் செருகி, சுவருக்கு மேலே எறிந்தாள். ஊருக்குப் போன் பண்ணு என்றாள். பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சமாக ஆயிஷாவின் கதையைச் சொன்னாள்.

வசதியான வீட்டில் பிறந்தவர் ஆயிஷா. தகப்பனார் இறந்ததும் குடும்பம் நொடிந்துபோயிற்று. விவரம் தெரியாத வயதில் தன்னைவிடப் பல மடங்கு மூத்தவருக்குக் கட்டிவைத்தார்கள். அது ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. 1950-களில் நிலம்பூரில் இ.கே. அயமு 'இஜ்ஜு நல்லொரு மனிசனாகான் நோக்கு' என்ற நாடகத்தைப் போட்டார். நீ ஒரு நல்ல மனிதனாகப் பார் என்று அர்த்தம். பெண் வேடத்தையும் பெரும்பாலும் ஆண்களே கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அதில் ஆயிஷா போல ஒரு முஸ்லிம் பெண் மேடையேறினால் ஊர் சும்மா இருக்குமா? கல் எறிந்தார்கள். மஞ்சேரியில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோதே அவரை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள். குறி தப்பியது. அதற்குப் பிறகும் அவர் மேடையேறினார்.

சினிமாவும் வந்தது. 1961-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் எடுத்த 'கண்டம் பெச்ச கோட்டு', மலையாளத்தின் முதல் வண்ணப்படம். ஒட்டுப் போட்ட கோட்டுக்குள் ஹஜ்ஜுக்காகப் பணம் சேர்க்கும் செருப்புத் தைப்பவரின் கதை. அதில் ஆயிஷா நடித்தார். 'குட்டிக்குப்பாயம்' போன்ற படங்களிலும் நடித்தார். ஆனால் கைதட்டல் உலையில் கொதிக்காது. பிழைப்புக்காக ரியாத்துக்கு வந்து, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வீட்டு வேலை செய்தார்.

இந்த இடத்துக்கு வந்ததும் நம் ஆட்கள் 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. துப்பாக்கிக்கு அஞ்சாதவர் துடைப்பத்துக்கா கூசப்போகிறார்? வேலைக்காரியைக் குறிக்கும் அரபிச் சொல்லால் 'கத்தாமா' என்று நம்மவர்களே ஏளனமாகச் சொல்வதை நீயும் கேட்கப்போகிறாய். வீட்டு வேலை செய்துகொண்டே ஊரில் ஆபீஸ் வேலை என்று சொல்கிற பெண்களையும் பார்ப்பாய். கடைசியில் சம்பளம் நின்றாலும் அடி விழுந்தாலும் அவர்களால் யாரிடமும் வாய் திறக்க முடிவதில்லை. உன் வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு வா.

அரண்மனை, அன்பான பாட்டியம்மா எல்லாம் படத்தில் நன்றாகத்தான் இருந்தன. அந்த அரண்மனையைப் படம்பிடித்தது இங்கே அல்ல, ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில். இங்கே உனக்கு எந்தக் கதவு திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே காகிதத்தைச் சரியாக வைத்துக்கொள். விசிட் விசாவில் துபாய்க்கு வா, அங்கிருந்து மாற்றிவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் அன்றே பேச்சை முறித்துவிடு. வேலைக்கு வெளிநாடு போக அரசின் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் (ECR) பாஸ்போர்ட் என்றால், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு முப்பது வயது நிறைந்திருக்க வேண்டும். அரசு அங்கீகரித்த நிறுவனம் மூலமாகத்தான் வர வேண்டும். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, நேரில் போய்க் கேள். ஒப்பந்தத்தின் நகலை வீட்டில் கொடுத்துவிட்டு வா. பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைத்துக்கொள்வது இந்த நாட்டுச் சட்டப்படியே தவறு. இந்தியத் தூதரகத்தின் எண்ணை மனப்பாடம் செய். போனையே பிடுங்கிக்கொள்ளும் வீடுகளும் உண்டு. ஊரில் உன் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். எல்லாவற்றையும் அண்ணன் கணக்குக்கு அனுப்பிவிட்டு, ஊர் திரும்பியபோது பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாமல் நின்ற பெண்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது வீடு எனக்கு நல்லதாக அமைந்தது. அரபி பேசக் கற்றேன். இன்று ஒரு மழலையர் பள்ளியின் சமையலறை என் பொறுப்பில் இருக்கிறது. நான் ஆக்கும் கப்ஸா என்ற இறைச்சிச் சோற்றை இந்த நாட்டுப் பெண்களே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

ஆயிஷா ஊர் திரும்பிய பிறகும் நடித்தார். 'ஊமக்குயில் பாடும்போள்' படத்துக்காக, 2011-ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் இரண்டாவது சிறந்த நடிகை விருது அவருக்குக் கிடைத்தது. எழுபது வயதைக் கடந்தபிறகு! அவருடைய கதையைத் தழுவிய படம் 2023-இல் வந்தது. நான் வந்த காலத்தில் இந்த நாட்டில் சினிமா தியேட்டரே கிடையாது, 2018-இல்தான் திறந்தார்கள். ரியாத்திலேயே தியேட்டரில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். விளக்கு போட்டதும் முன்வரிசையில் எழுந்து நின்ற மலையாளப் பெண்களின் பேச்சையெல்லாம் காது கொடுத்துக் கேட்டேன். அந்தக் குரல் இருந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

வரும் தேதி உறுதியானதும் எழுது. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை எனக்குப் படமெடுத்து அனுப்பு, அரபியில் இருப்பதை நான் படித்துச் சொல்கிறேன்.