மத்தியான சீரியல்களின் எழுத்து உண்மையிலேயே தரம் குறைந்துவிட்டதா, அல்லது நமக்குத்தான் வயதாகிவிட்டதா?

குறைந்துவிட்டது. வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நாங்கள் சீரியலைப் பார்க்கிறவர்கள் இல்லை, கேட்கிறவர்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருபது வருடத்துக்கு மேலாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். நான்கு மிஷின். மத்தியானம் சாப்பிட்டு டப்பாவைக் கழுவி வைத்ததும் டிவியைப் போட்டுவிட்டு வேலையில் உட்கார்ந்துவிடுவோம். லைனிங் பிளவுஸ் தைக்கிறவர் ஊசியிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. கொக்கி கட்டுகிற அக்காவும் குனிந்த தலை நிமிர மாட்டார். ஆக, அதில் வருகிறவர்கள் வாயைத் திறந்து பேசினால்தான் எங்களுக்குக் கதை. மற்றபடி டிவி ஓடுவதும் ஒன்றுதான், ஓடாததும் ஒன்றுதான்.

வேலை நெருக்கடி இல்லாத நாளில் போனில் பழைய மெட்டி ஒலியைப் போட்டுவிடுவோம். 2002-ல் ஆரம்பித்து 2005 வரை ஓடியது, திருமுருகன் இயக்கியது. ஒரு அப்பா, ஐந்து பெண்கள். டெல்லி குமார்தான் அப்பா. பெண்களிடம் பேசும்போது ஒரு குரல், மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசும்போது இன்னொரு குரல். எதிரில் யார் நிற்கிறார்கள் என்று தலை தூக்காமலே சொல்லிவிடலாம். அதை நடிப்பு என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. எந்த வார்த்தையை விழுங்குவார், எங்கே "சரிம்மா" என்று நிறுத்திக்கொள்வார் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்.

இப்போது வருவதைக் கேளுங்கள். கதவு திறக்கிறது. உடனே இசை. வீட்டில் ஏழு பேர் நின்றால் ஏழு முகத்தையும் மூன்று மூன்று தடவை காட்டுகிறார்கள் போலிருக்கிறது. எங்களுக்குக் கேட்பது டமார் டமார் என்ற சத்தம் மட்டும். "யாருக்கா வந்தது?" என்று ஒரு மிஷினிலிருந்து குரல் வரும். நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குள் விளம்பரம்.

பேச ஆரம்பித்தாலும் பேச்சு ஒரே அச்சு. மாமியார், நாத்தனார், வில்லி, வில்லியின் அண்ணன் எல்லோரும் "உன்னைச் சும்மா விட மாட்டேன்", "இந்தக் கல்யாணம் எப்படி நடக்குதுன்னு நானும் பாக்குறேன்" என்றுதான் பேசுகிறார்கள். படிக்காதவருக்கும் வக்கீலுக்கும் ஒரே தமிழ். கதாநாயகி "நான் சொல்ல வந்தது என்னன்னா" என்று ஆரம்பித்தால் யாராவது குறுக்கே வந்துவிடுவார்கள். அந்தப் பெண்ணை ஒரே ஒரு வாக்கியம் முழுசாகப் பேச விட்டால் தீர்ந்துவிடும் விஷயம் ஆறு மாதம் ஓடுகிறது. எனக்கு அதிகமாகக் கோபம் வருவது இதில்தான்.

2011 டிசம்பர் 30 அன்று வந்த 'தானே' புயலை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மரமெல்லாம் சாய்ந்து, கம்பமெல்லாம் விழுந்து, எங்கள் தெருவுக்கு கரண்ட் வரவே பல நாள் ஆனது. வந்த அன்று டிவியைப் போட்டால் ஒன்றும் புரியவில்லை. கதை எங்கேயோ போயிருந்தது. சென்னையில் இருக்கும் என் தங்கைக்கு போன் போட்டு, கடையில் எல்லோரும் சுற்றி நின்று அரைமணி நேரம் விட்ட கதையைக் கேட்டோம். போன வருடம் எங்கள் கொக்கி கட்டுகிற அக்கா, தன் மகள் பிரசவத்துக்காகப் புதுச்சேரிக்குப் போய் நாற்பது நாள் கழித்துத் திரும்பி வந்தார். போகும்போது மண்டபத்தில் நின்ற கல்யாணம் வந்தபோதும் அதே மண்டபத்தில் நின்றுகொண்டிருந்தது. அவருக்கு நாங்கள் சொல்ல ஒரு வரிகூட இல்லை.

எழுதுகிறவர்களுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து பிளவுஸ் தைக்க வருகிற ஒரு பெண் சென்னையில் சீரியலுக்கு உதவி இயக்குநராக இருந்தவர். லைட் போட்டு, மேக்கப் முடித்து ஆர்ட்டிஸ்ட் உட்கார்ந்திருக்கும்போதுதான் அன்றைய வசனம் வாட்ஸ்அப்பில் வந்து சேருமாம். முன்பு வாரத்துக்கு ஐந்து நாள் எழுதினார்கள். இப்போது ஆறு நாள், சில தொடருக்கு ஞாயிறும் உண்டு. கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் இன்னொருவர். வியாழக்கிழமை டிஆர்பி வந்ததும் போன வாரம் எது ஏறியதோ அதையே இழுக்கச் சொல்லி சேனலிலிருந்து பேச்சு வரும். அளவு எடுக்க நேரம் தராமல் துணியை வெட்டச் சொன்னால் எந்தத் தையல்காரர் ஒழுங்காகத் தைப்பார்? நீளம் தப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். கோலங்கள் 1500 எபிசோடுக்கு மேல் போனது, அதையும் விடாமல் கேட்டவர்கள்தான் நாங்கள்.

அதே கோலங்களை எடுத்த திருச்செல்வம்தான் 2022-ல் எதிர்நீச்சலை ஆரம்பித்தார். ராத்திரித் தொடர்தான், ஆனால் மறுநாள் மத்தியானம் போனில் போட்டுக் கேட்போம். அதில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து வாயைத் திறந்தால் நான்கு மிஷினும் நிற்கும். தேனிப் பக்கத்துப் பேச்சு. வீட்டுப் பெண்களை அந்த ஆள் எப்படி மிதிக்கிறார் என்பது ஒரு இழுவையில், ஒரு அதட்டலில் தெரிந்துவிடும். பதிலுக்கு அந்த மருமகள்கள் பேசுவதும் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். எழுத ஆள் இருந்து, எழுதியதைச் சொல்ல ஆளும் இருந்தால் இந்தக் காலத்திலும் முடியும் என்று அப்போது நினைத்தேன்.

2023 செப்டம்பர் 8 காலையில் அந்தத் தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில்தான் மாரிமுத்துவுக்கு நெஞ்சு வலி வந்தது, இறந்துவிட்டார். கடையில் செய்தி வந்தபோது கொக்கி கட்டுகிற அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "அந்தக் குரல் போயிடுச்சேம்மா" என்றார். அவர் முகத்தை அந்த அக்கா நிமிர்ந்து சரியாகப் பார்த்தது அன்றைக்குச் செய்தியில்தான்.