8 போர்ட் கேவிஎம் சுவிட்சுகளை இணைத்து 20 கணினிகளை இயக்க முடியுமா?

முடியும், மூன்று பெட்டிகள் போதும். (கேவிஎம் சுவிட்ச் என்பது ஒரே விசைப்பலகை, மவுஸ், மானிட்டரை வைத்துப் பல கணினிகளை மாற்றி மாற்றி இயக்க உதவும் பெட்டி.) ஒன்றைத் தலைமைப் பெட்டியாக வைத்து, அதில்தான் விசைப்பலகை, மவுஸ், மானிட்டர் மூன்றையும் செருக வேண்டும். மற்ற இரண்டு பெட்டிகளில் மானிட்டரும் விசைப்பலகையும் செருகும் பக்கத்திலிருந்து கேபிள் எடுத்து, தலைமைப் பெட்டியில் கணினி செருகும் போர்ட்டில் இணையுங்கள். தலைமைப் பெட்டிக்கு அந்த இரண்டு பெட்டிகளும் ஆளுக்கொரு கணினி மாதிரிதான். இரண்டு போர்ட் இதில் போய்விடும்; மிச்சம் 6, கீழே 16, ஆக 22 கணினிகள். எட்டு போர்ட்டிலும் பெட்டி மாட்டினால் 64 வரை போகலாம்.

சில மாடல்களில் சங்கிலியாகக் கோக்கத் தனி போர்ட்டே உண்டு. அதில் இடம் வீணாகாது, மூன்று பெட்டிக்கு முழு 24 கிடைக்கும். கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எல்லா மாடலும் ஒன்றோடொன்று பேசாது. கணினி மாற்ற விசைப்பலகையில் அழுத்தும் குறுக்கு விசை மேல், கீழ்ப் பெட்டிகள் இரண்டிலும் ஒன்றாக இருந்தால், அடுக்கு இணைப்பை (ஒரு பெட்டியின் கீழ் இன்னொன்றை இப்படி இணைப்பதை) அறியாத பெட்டிகள் ஒரே நேரத்தில் இரண்டும் மாறிவிடும். கையேட்டில் அடுக்கு இணைப்பு பற்றி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். அப்புறம், மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கேபிள் மாட்டுங்கள். மானிட்டருக்குப் போகும் விஜிஏ (பழைய வகை) கேபிள் நீளம் கூடக்கூடத் திரையில் எழுத்து மங்கும்.