ஓரமாக ஒரு நாற்காலி

அன்புள்ள ஐயா,

ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் குடும்ப மருத்துவத் துறையில் நான்கு ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன். பதவி உயர்வுக்கு வேண்டிய மூன்று நாள் ஆசிரியர் அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டேன். அடுத்து மருத்துவ ஆசிரியர்களுக்காக கோவை பி.எஸ்.ஜி. நடத்தும் ஃபெய்மர் ஃபெலோஷிப்பில் சேரலாமா, இல்லை இணையத்தில் கிடைக்கும் சின்னச் சான்றிதழ் படிப்புகளே போதுமா என்று குழப்பமாக இருக்கிறது. ஸ்லைடு, கேள்வித்தாள், மதிப்பீடு எல்லாம் எனக்கு நன்றாகவே வருகிறது. ஆனால் பி.ஜி. (மேற்படிப்பு) மாணவர்களிடம் ஆர்வமே இல்லை. இந்தத் தலைமுறைக்கு போன் ஒன்று போதும் போல. நிர்வாக வேலைகளால் நான் ஓ.பி.யில் (புறநோயாளிப் பிரிவில்) நோயாளிகளைப் பார்ப்பதும் வாரத்துக்கு ஒரு நாள் என்றாகிவிட்டது. நல்ல ஆசிரியராக வளர நான் என்ன படிக்க வேண்டும்?

டாக்டர் கே., திருச்சி

அன்புள்ள கே.,

போன மாதம் காது அடைப்புக்காகப் பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், மேற்படிப்பும் முடித்தவர் என்று போர்டு சொன்னது. காதைப் பார்த்தார், சொட்டு மருந்து எழுதினார், சரியான மருந்துதான். ஆனால் நான் காதுக்காக மட்டும் போகவில்லை. இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, அதைச் சொல்ல வாயெடுத்தபோது அவர் அடுத்த டோக்கனுக்கு பெல் அடித்துவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வீடு வந்து சேரும்வரை ஒரே யோசனைதான்: இந்தப் பிள்ளை ஒரு நோயாளியோடு பேசுவதை, படித்த அத்தனை வருஷத்தில் எந்த வாத்தியாராவது ஒரே ஒரு முறை உட்கார்ந்து முழுசாகப் பார்த்திருப்பாரா? இதையே நினைத்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கடிதம் வந்தது.

ஃபெலோஷிப்பில் சேருங்கள், நல்லதுதான். கல்லூரி பணம் கட்டினால் யோசிக்கவே வேண்டாம். 1975-லேயே புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவ ஆசிரியர்களுக்கான தேசியப் பயிற்சி மையம் வந்துவிட்டது, ஆக நம் பக்கத்தில் படிக்க இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்லைடு பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் "இந்தத் தலைமுறைக்கு போன் போதும்" என்று எழுதினீர்களே, அதை அப்படியே விட எனக்கு மனசில்லை. கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. ஒரு சர்ஜரி பேராசிரியர் ஆபரேஷன் தியேட்டருக்கு வாரம் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு மீதி நாளெல்லாம் வகுப்பெடுத்தால் அவருடைய பி.ஜி.க்கள் அவரை மதிப்பார்களா? நம் துறையில் மட்டும் அது எப்படிச் சகஜமானது? நம் வேலையில் பாதிக்கு மேல் கேட்பதும் பேசுவதும்தான், அதெல்லாம் தானாக வந்துவிடும், கற்றுத்தர வேண்டியதில்லை என்று நாமே நம்பிவிட்டோம்.

1961-ல் அமெரிக்காவில் கெர் வைட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் போட்ட ஒரு கணக்கு உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெரியவர்கள் ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் 750 பேருக்கு உடம்புக்கு ஏதாவது வருகிறது, 250 பேர் டாக்டரிடம் போகிறார்கள், 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள், பல்கலைக்கழக மருத்துவமனைவரை வருவது ஒரே ஒருவர். நம் பி.ஜி.க்கள் மெடிசின், சர்ஜரி, குழந்தைகள் வார்டு, பிரசவ வார்டு என்று சுற்றி, அந்தந்த நிபுணர்களின் பின்னால் நின்று, படிப்பில் பெரும்பகுதியை அந்த ஒருவரைப் பார்த்தே கழிக்கிறார்கள். மீதி 249 பேரைப் பார்ப்பது எப்படி என்று சொல்லித்தர இருப்பது உங்களைப் போல் சிலர்தான். நீங்களும் ஓ.பி.யை விட்டுவிட்டுப் படிவம் நிரப்பப் போனால் அந்தப் பிள்ளைகள் போனைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்கள்?

என் கதைக்கு வருகிறேன். எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு, எண்பதுகளின் தொடக்கத்தில், காவிரிக் கரையில் ஒரு சிற்றூரில் பெரியவர், டாக்டர் ஒருவரிடம் இரண்டு வருஷம் இருந்தேன். வீட்டு முன்னறைதான் கிளினிக், பின்கட்டில் கம்பவுண்டர் மிக்சர் கலக்கிக்கொண்டிருப்பார். மாலையில் ஒரு மணி நேரம் நான் நோயாளிகளைப் பார்ப்பேன், டாக்டர் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நோயாளி முன்னால் ஒரு வார்த்தை பேச மாட்டார். கடைசி ஆள் போனபிறகு, காபி வந்ததும், ஒன்றே ஒன்று சொல்வார். ஒன்பது தப்பு நடந்திருந்தாலும் ஒன்றுதான்.

ஒருநாள் வயிற்றுவலி என்று ஒரு பையன் வந்தான். பார்த்து, அழுத்தி, மாத்திரை கொடுத்து அனுப்பினேன். ராத்திரி டாக்டர் கேட்டார்: "அந்தப் பையன் 'அப்பா போனதுலேர்ந்து வலிக்குது'ன்னு ஆரம்பிச்சான். நீ எத்தனை நாளான்னு கேட்ட. பதினோரு நாள்ன்னான். அப்பா எங்க போனார்னு கேட்டியா?"

நான் கேட்கவில்லை. செத்துப்போனார் என்று நானாகவே எடுத்துக்கொண்டேன், அதனால் மேலே கேட்கக் கூச்சம். மறுநாள் ஆள் அனுப்பி விசாரித்தோம். அப்பா சாகவில்லை. வீட்டை விட்டுப் போயிருந்தார்.

இதை எந்த ஸ்லைடிலும் போட முடியாது. ஓரமாக ஒருவர் உட்கார்ந்து காதைக் கொடுத்ததால்தான் அந்த ஒரு சொல் பிடிபட்டது.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இதற்கடுத்து நடந்தது. ஆறு மாதம் போனபின் ஒருநாள், "இந்த வாரம் நான் பாக்கறேன், நீ நாற்காலில உக்காரு. நான் என்ன தப்பு பண்றேன்னு ஒண்ணு சொல்லு" என்றார். அவருக்கு அப்போதே அறுபது தாண்டிவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. மூன்று நாள் "ஒண்ணுமில்ல சார், நல்லாத்தான் இருந்தது" என்றே சொல்லி ஒப்பேற்றினேன். மூன்றாம் நாள் நன்றாகத் திட்டு வாங்கினேன். நாலாம் நாள் சொன்னேன்: "அவங்க பேசி முடிக்கறதுக்குள்ள பேனாவ எடுத்துடறீங்க சார். பேனாவப் பாத்ததும் நிறுத்திடறாங்க."

அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து பேனா மேஜை டிராயருக்குள் போய்விட்டது. எழுத வேண்டுமென்றால் டிராயரைத் திறக்க வேண்டும், அதற்குள் நோயாளி இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லிவிடுவார். நான் அங்கிருந்து கிளம்பும்வரை அந்தப் பேனா வெளியே வரவில்லை.

அப்புறம்தான் அமெரிக்காவில் பெக்மனும் ஃபிராங்கலும் 1984-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து கேட்டார்கள். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 விநாடியில் டாக்டர் குறுக்கே புகுந்துவிடுகிறார், தொடங்கியதை முடிக்க முடிந்தவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கும் முன்னால், 1950களில், லண்டன் டேவிஸ்டாக் கிளினிக்கில் மைக்கேல் பாலின்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் குடும்ப டாக்டர்களை வட்டமாக உட்கார வைத்து, கேஸ் குறிப்புகள் இல்லாமல், ஒரு நோயாளியைப் பற்றித் தோன்றுவதைச் சொல்லச் சொன்னார். டாக்டரும் ஒரு மருந்துதான், ஆனால் அதன் அளவோ பக்கவிளைவோ எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை என்பது அவருடைய வாதம். எங்கள் டாக்டருக்கு பாலின்ட் பெயரே தெரியாது. தன் பக்கவிளைவைத் தெரிந்துகொள்ள இருபத்தைந்து வயசுப் பையனைக் கேட்டார், அவ்வளவுதான்.

இவ்வளவும் பார்த்த நான், பிற்காலத்தில் ஒரு மருத்துவமனையில் ஆசிரியரானதும் எல்லாவற்றையும் மறந்தேன். சுகர் நோயாளி ஒருவரின் கேஸைச் சொன்ன மாணவி அவருடைய பாதத்தைப் பார்க்க மறந்துவிட்டார். "மூணு வருஷமா என்னதான் படிச்ச?" என்று அந்த நோயாளி முன்னாலேயே கேட்டேன். 1992-ல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் எழுதிய ஐந்து படி முறை உங்கள் பயிற்சியிலும் வந்திருக்கும். முதலில் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேள், சரியாகச் செய்ததைச் சொல், பிறகு திருத்து என்று போகும். அதில் வகுப்பே எடுத்தவன் நான். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் இரண்டு என்னிடம் இருந்தன. அந்தப் பெண் அதற்குப் பிறகு என் முன்னால் தன் கருத்து என்று எதையும் சொல்லவில்லை. நான் மன்னிப்பும் கேட்கவில்லை, இருபது வருஷம் ஆகிறது. அன்றைக்கு என் ஓ.பி. அறையில் ஓரமாக ஒரு சகா உட்கார்ந்திருந்தால் சாயங்காலமே என்னைக் கண்டித்திருப்பார். யாரையும் நான் உள்ளே விட்டதில்லை. ஆசிரியரானபின் நம்மை யார் பார்ப்பது என்ற நினைப்பு.

அதனால் கே., முதலில் துறைத் தலைவரிடம் சண்டை போட்டாவது இன்னும் இரண்டு நாள் ஓ.பி.யை வாங்குங்கள். மாதம் ஒரு காலை, கூட வேலை செய்கிற ஒருவரை உங்கள் அறையில் உட்காரச் சொல்லுங்கள். நாற்காலியை நோயாளியின் பார்வைக்கு நேராகப் போடாதீர்கள், ஒவ்வொரு நோயாளியிடமும் நீங்களே அனுமதி கேளுங்கள். அவர் படிவம் எதுவும் நிரப்ப வேண்டாம், முடிந்ததும் ஒன்றே ஒன்று சொன்னால் போதும். நாலைந்து மாதம் போனதும் அந்த நாற்காலியில் உங்கள் பி.ஜி. ஒருவரை உட்கார வையுங்கள், போன் வைத்திருக்கும் அதே பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. "ஒண்ணுமில்ல மேடம், நல்லாத்தான் இருந்தது" என்று சொல்வார். விடாதீர்கள், நானும் மூன்று நாள் அப்படித்தான் சொன்னேன்.

அன்புடன்